அருணாசலக் குகையில் ஒரு கிறிஸ்தவத் துறவி

திருவண்ணாமலையில் பேகோபுரத் தெரு வழியாக மலையேறுகிறவர்களுக்குக் குகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். குகை நமசிவாயரின் பெயரால் ஒன்று, விருபாக்ஷ தேவரின் பெயரால் ஒன்று, இன்னும் மேலே ஸ்கந்தாசிரமம். சுமார் 2,670 அடி உயரமுள்ள இந்த மலையில் தனித்திருக்க வந்தவர்களின் வரிசை பல நூற்றாண்டு நீளமானது. 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன், ரமண மகரிஷியாக விருபாக்ஷ குகையில் மட்டும் 1899 முதல் 1916 வரை வாழ்ந்தார். அந்த வரிசையில் 1950களில் ஒரு கத்தோலிக்கக் குருவும் இடம்பெறுகிறார். பிரான்ஸ் நாட்டின் பிரித்தானிக் கடற்கரையில் பிறந்த அவரது பெயர் ஆன்ரி லெ சோ. தமிழ்நாட்டில் அவர் ஏற்றுக்கொண்ட பெயர் அபிஷிக்தானந்தர். 1952 முதல் சில ஆண்டுகள் அவர் இந்த மலைக் குகைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்து தங்கினார். தனிமையில் இருக்கும் மனிதருக்குக் கிறிஸ்தவ விசுவாசம் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்ற கேள்விக்கு அவரது குகை ஆண்டுகளைப் போல ஆழமான சான்று தமிழகத்தில் வேறு கிடைப்பது அரிது.

தமிழில் 'தனிமை' என்ற ஒரே சொல் இரண்டு நிலைகளையும் சுமக்கிறது. துணையற்றுத் தவிப்பதும் தனிமைதான், துணை வேண்டாமென்று விலகி அமர்வதும் தனிமைதான். இரண்டாவதைப் பிரித்துக் காட்ட 'ஏகாந்தம்' என்ற வடசொல்லை நாடவேண்டியிருக்கிறது. கிறிஸ்தவத் துறவு இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது. கிரேக்க மொழியில் துறவியைக் குறிக்கும் 'மோனகோஸ்' என்ற சொல்லுக்கே 'தனித்திருப்பவர்' என்றுதான் பொருள். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் பிறந்த அந்தோணியார் அந்த மரபின் முதல் பெரும் பெயர். கோயிலில் வாசிக்கப்பட்ட நற்செய்தியைக் கேட்டுத் தன் நிலபுலன்களைக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனவர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரைப் பதுவை அந்தோணியாரிடமிருந்து வேறுபடுத்தி 'வனத்து அந்தோணியார்' என்று அழைக்கிறார்கள். பாலைவனம் அறியாத நாட்டில் அவருக்கு வனம் கிடைத்தது பொருத்தமே. பொங்கலை ஒட்டி ஜனவரி 17இல் வரும் அவரது திருநாளுக்குத் தேரும் சப்பரமும் இழுக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு.

அந்தோணியாரின் வரலாற்றை எழுதிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கல்லறை ஒன்றுக்குள் தனித்திருந்து பேய்களோடு போராடிக் குற்றுயிராகக் கிடந்த அந்தோணியார் மேலே ஓர் ஒளியைக் காண்கிறார். இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய், தொடக்கத்திலேயே ஏன் வரவில்லை என்று கேட்கிறார். நான் இங்கேயேதான் இருந்தேன், உன் போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பதில் வருகிறது. கிறிஸ்தவ மரபு தனிமைக்குத் தரும் ஆறுதலின் தன்மை இந்தக் கதையில் அடங்கியிருக்கிறது. துன்பம் விலக்கப்படவில்லை. ஆனால் அது நடந்த நேரத்தில் தான் தனியாக இல்லை என்பது பிறகு தெரியவருகிறது.

ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட், தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கில் ஆசீர்வாதப்பர், அந்தப் பாலைவன மரபை ஐரோப்பாவுக்கு ஏற்ற ஒழுங்காக மாற்றினார். அவரும் சுபியாக்கோ என்ற இடத்தில் மூன்றாண்டுகள் மலைக்குகையில் தனித்து வாழ்ந்தவர். ஆனால் அவர் எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட மட ஒழுங்கு தனிமையை முதல் படியாக வைக்கவில்லை. முதல் அதிகாரமே துறவிகளின் வகைகளைப் பேசுகிறது. புதுத் துறவியின் ஆர்வத்தில் காட்டுக்குப் போவது வனவாசியின் வழி அல்ல என்றும், மடத்தில் சகோதரர்களோடு நெடுங்காலம் பழகித் தேறியவரே தனித்துப் போராடத் தகுதியானவர் என்றும் அது வகுக்கிறது. அந்த ஒழுங்கின்படி வாரத்துக்கு 150 சங்கீதங்களும் ஒருமுறை முழுமையாகச் செபிக்கப்படவேண்டும். இரவிலும் பகலிலும் குறித்த நேரங்களில் மணியடித்ததும் எல்லாரும் கூடிப் பாடவேண்டும். தனிமையைத் தாங்கப் பழக்கும் பள்ளியாக ஒரு கூட்டத்தையே பெனடிக்ட் அமைத்தார். இந்த ஏற்பாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளாமல் அருணாசலக் குகையில் நடந்ததைப் புரிந்துகொள்ள இயலாது.

திருவண்ணாமலை வட்டாரத்துக்குக் கிறிஸ்தவம் லெ சோவோடு வந்ததல்ல. 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தை மையமாகக்கொண்டு தென்னார்க்காட்டில் வேரூன்றிய டேனிஷ் லுத்தரன் மிஷன் பிறகு இந்த ஊருக்கும் பரவியது. இன்றும் ஊர்க்காரர்கள் 'டேனிஷ் மிஷன் ஸ்கூல்' என்றே சொல்லும் பள்ளி அதன் நினைவு. கத்தோலிக்கர்களுக்குச் சேத்துப்பட்டு பெரிய மையம். தாது வருடப் பஞ்சத்தை (1876–78) ஒட்டிய ஆண்டுகளில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் உழைத்த பிரெஞ்சுக் குரு தராஸ் அங்கே லூர்து மாதாவுக்குப் பெரிய ஆலயம் எழுப்பினார். இந்தச் சபைகளின் ஆறுதல் கூட்டத்தின் ஆறுதல். மதம் மாறியதால் சொந்தபந்தம் கைவிட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையும், கூடிப் பாடும் கீர்த்தனையும், சாவு வீட்டுக்கு வந்து செபம் சொல்லும் உபதேசியாரும் புதிய உறவுகளாக அமைந்தார்கள். சேத்துப்பட்டில் பிற்காலத்தில் எழுந்த புனித தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் இதே மரபைச் சேர்ந்தவை. ஊரும் வீடும் ஒதுக்கிவைத்த தொழுநோயாளிக்கு, புண்ணைத் தொட்டுக் கட்டுப்போடும் ஒரு கை எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிது. திணிக்கப்பட்ட தனிமைக்கு இன்னொரு மனிதரின் அருகாமையே மருந்து என்பதை இந்த நிறுவனங்கள் நன்கு அறிந்திருந்தன.

இதே வட்டாரத்தில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. திருப்பத்தூரில் 1921இல் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சீர்திருத்தச் சபைகளின் சார்பில் இந்தியாவில் எழுந்த முதல் ஆசிரமங்களில் ஒன்று அது. இருவரும் மணம் செய்யாதவர்கள். கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, நோயாளிகளைக் கவனித்தார்கள். சுற்றுப்புற மக்களுக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். குடும்பமில்லாத இரண்டு பேரை ஊர் அண்ணன்களாக்கிக்கொண்டது. துறவியின் தனிமையைத் தமிழ் உறவுமுறை எவ்வளவு இயல்பாக உள்வாங்கிக்கொள்ளும் என்பதற்கு இந்தப் பெயர்களே போதும்.

அருணாசலத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் இடையிலான உறவு ரமணரிடமே தொடங்கிவிட்டது. மதுரையில் அவர் படித்தது அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியில். விவிலியம் அவருக்குப் புதிதல்ல. தன்னைக் காண வந்த கிறிஸ்தவர்களிடம், மோசேக்குக் கடவுள் சொன்ன தம் பெயரையும், அமைதியாயிருந்து கடவுளை அறியச் சொல்லும் சங்கீத வசனத்தையும் அவர் அடிக்கடி எடுத்துக்காட்டினார். வேதாந்தம் முழுவதும் அந்த இரண்டிலேயே அடங்கியிருப்பதாகச் சொன்னார். 1911இல் விருபாக்ஷ குகைக்கு ஏறிவந்து அவரைக் கண்ட பிராங்க் ஹம்ஃப்ரிஸ் வேலூரில் பணிபுரிந்த இளம் ஆங்கிலேயக் காவல் அதிகாரி. ரமணரைத் தேடிவந்த முதல் மேல்நாட்டவராகச் சொல்லப்படும் அவர், பின்னாளில் வேலையை விட்டுக் கத்தோலிக்கத் துறவு வாழ்வைத் தழுவினார். குகையில் கேட்டது அவரைக் கிறிஸ்துவிடமிருந்து விலக்கவில்லை.

ஆன்ரி லெ சோ 1910 ஆகஸ்ட் 30 அன்று சேன் பிரியாக் என்ற கடலோர ஊரில், ஏழு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். 1929இல் கெர்கொனான் என்ற இடத்திலிருந்த பெனடிக்டின் மடத்தில் சேர்ந்தார். 1935இல் குருவானார். இரண்டாம் உலகப் போரில் படைக்கு அழைக்கப்பட்டு, எதிரியிடம் பிடிபட்டு, தப்பிவந்து மடம் சேர்ந்தார். 1944இல் தாயை இழந்தார். மடத்திலிருந்த காலத்திலேயே அவர் மனம் இந்தியாவை நோக்கித் திரும்பியிருந்தது. திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சாவுக்கு 1947இல் அவர் எழுதிய கடிதத்துக்கு ஆயரின் சார்பில் பதில் எழுதியவர் ஜூல் மொன்ஷானே. லியோன் பகுதியைச் சேர்ந்த அந்தக் குரு 1939 முதல் திருச்சி மறைமாவட்டத்தின் கிராமப் பங்குகளில் தன்னந்தனியாக உழைத்துக்கொண்டு, இந்திய முறையில் ஓர் ஆசிரமம் அமைக்கத் துணைக்கு ஒருவரைத் தேடிக் காத்திருந்தவர். இரண்டு தனிமனிதர்களைக் கடிதம் ஒன்று சேர்த்தது. லெ சோ 1948 ஆகஸ்ட் 15 அன்று கொழும்பில் கரையிறங்கி, அங்கிருந்து குளித்தலைக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 37. கெர்கொனான் மடத்தில் 19 ஆண்டுகள் கழித்திருந்தார். அதன்பின் ஒருமுறைகூட அவர் பிரான்சுக்குத் திரும்பவில்லை.

இருவரும் 1950 மார்ச் 21, ஆசீர்வாதப்பர் திருநாளன்று, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரை மாந்தோப்பில் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கத்தோலிக்க இறையியலின் மூவொரு கடவுளை நினைத்து அதற்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயரிட்டார்கள். ஊர் வழக்கில் அது சாந்திவனம். காவி உடுத்தார்கள், வெறுங்காலோடு நடந்தார்கள், தரையில் அமர்ந்து கையால் சைவ உணவு உண்டார்கள். மொன்ஷானே பரம அரூபி ஆனந்தம் ஆனார். லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தம் ஆகி, அது சுருங்கி அபிஷிக்தானந்தம் ஆயிற்று. கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கு அபிஷேகம் பெற்றவர் என்று பொருள். அந்தப் பெயரில் கிறிஸ்து வெளிப்படையாகவே இருக்கிறார்.

எதிர்பார்த்தபடி ஆசிரமம் வளரவில்லை. சேர வந்தவர்கள் நிலைக்கவில்லை. 1950களின் நடுவில் வந்த பெல்ஜியத் துறவி பிரான்சிஸ் மாயுவும் கேரளம் சென்று, 1958இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸுடன் சேர்ந்து குரிசுமலையில் தனி ஆசிரமம் கண்டார். சாந்திவனத்தில் பெரும்பாலான நாட்களில் இரண்டே பேர். அந்த இருவருக்குள்ளும் மனவேறுபாடு இருந்தது. ஒரு மடத்தின் ஆரவாரமில்லாத தோழமையில் பழகிய லெ சோவுக்கு இது கடினமாயிருந்தது. மணியடித்தால் எழுந்துவரச் சகோதரர்கள் இல்லை.

அதற்கு முன்பே அருணாசலம் அவரைத் தொட்டிருந்தது. 1949 ஜனவரியில் மொன்ஷானே அவரை ரமணாசிரமத்துக்கு அழைத்துவந்தார். முதல் சந்திப்பு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சுற்றியிருந்தவர்களின் பக்திச் சூழலும், தாம் எதிர்பார்த்த பெரும் அனுபவம் நேராததும் அவருக்கு உறுத்தின. காய்ச்சல் வேறு வந்து படுக்கவைத்தது. அங்கே தங்கியிருந்த ஆங்கிலப் பெண்மணி ஈதல் மெர்ஸ்டன் அவரிடம் ஒன்று சொன்னார். மிதமிஞ்சிய மூட்டைகளோடு வந்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் அறிந்துவிடவேண்டுமென்று நினைக்கிறீர்கள் என்பது அதன் சாரம். காய்ச்சல் வேகத்தில் கண்ட கனவுகளிலெல்லாம் ரமணரின் உருவமே வந்ததாகவும், வேதம் ஓதும் ஒலி உள்ளே போய்த் தங்கிவிட்டதாகவும் அவர் பிறகு எழுதினார். அதே ஆண்டு மீண்டும் வந்தபோது ரமணர் நோயால் தளர்ந்திருந்தார். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தார். லெ சோவுக்கு எஞ்சியது மலை.

1952இல் அவர் வண்ணாத்தி குகை என்று வழங்கப்பட்ட குகையில் தங்கினார். பின்னர் அருட்பால் தீர்த்தத்தை ஒட்டிய குகையிலும் பிற இடங்களிலும் தங்கினார். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில். மௌனம் காத்தார். காவியுடுத்து மௌனமாக அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரச் சாமியைப் பார்க்க ஊர்மக்கள் ஏறிவந்தார்கள். அவர் எந்த மதம் என்பது வந்தவர்களில் பலருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. மலையில் ஒருவர் தனித்திருந்தால் அவருக்குச் சோறு கொடுக்கவேண்டும், கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது திருவண்ணாமலையின் பழக்கம். பௌர்ணமியில் கிரிவலம் வருகிறவர்களும் கார்த்திகை தீபத்துக்குக் கூடுகிறவர்களும் சிவபெருமான் பெயரைச் சொல்லிக் குரலெழுப்பும் ஊர் அது. அந்தக் குரல்களுக்கு நடுவில் ஒரு கத்தோலிக்கக் குருவின் தனிமை நிம்மதியாக நடந்தது என்றால் அதில் பாதிப் பெருமை ஊருக்கு உரியது.

வெளியே நிம்மதி. உள்ளே பெரும் அலைக்கழிப்பு. 'நான்' என்ற எண்ணம் அடங்குமிடத்தில் கடவுளுக்கும் தனக்கும் இடையே இருந்த இடைவெளியே மறைந்துபோவதுபோல ஓர் அனுபவம் அவருக்குக் குகையில் நேர்ந்தது. அத்வைதம் அதைத்தான் மெய்ம்மை என்கிறது. ஆனால் கிறிஸ்தவ செபம் முழுவதும் ஒருவர் மற்றொருவரை அழைப்பது. அழைக்கப்படுபவர் இல்லையென்றால் செபிப்பது யாரிடம்? இந்தக் கேள்வி அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. தாம் கிறிஸ்துவைக் கைவிடுகிறோமோ என்ற அச்சமும், அனுபவத்தை மறுத்தால் பொய்யராகிவிடுவோமோ என்ற அச்சமும் அவரது நாட்குறிப்பில் மாறிமாறி வருகின்றன. மொன்ஷானே அத்வைதத்தையும் திரித்துவத்தையும் அவ்வளவு எளிதில் இணைக்கமுடியாது என்று கருதினார். குகை அனுபவத்தை வைத்து 'குகாந்தரம்' என்ற பெயரில் லெ சோ எழுதிய கட்டுரைத் தொகுப்பைத் திருச்சபைத் தணிக்கையாளர்கள் பிரசுரத்துக்கு ஏற்கவில்லை. குகையின் தனிமையைவிடக் கடுமையானது இந்தத் தனிமை. சொந்தச் சபைக்குள் தம் அனுபவத்தைப் பகிர ஆளில்லாத நிலை அது.

1953 மார்ச்சில் மலையில் அவரைச் சந்தித்த ஹரிலால் பூஞ்சா, ரமணரின் அடியவர், நேரடியாகப் பேசினார். கடைசிக் கட்டுகளையும் அறுத்துவிடுங்கள், செபம், வழிபாடு, தியானம் எதுவும் இனி உங்களுக்குத் தேவையில்லை என்ற பொருளில் அவர் வற்புறுத்தினார். லெ சோ அவரை மதித்தார், அவரோடு நெடுநாள் நட்பும் வைத்திருந்தார். ஆனால் அந்த அறிவுரையை முழுமையாக ஏற்கவில்லை. குருவான ஒவ்வொருவரும் நாள்தோறும் சொல்லவேண்டிய, சங்கீதங்களைப் பெரும்பகுதியாகக் கொண்ட கட்டளை செபத்தின் பழக்கத்திலிருந்து அவர் பிரியவில்லை. கருத்தளவில் விடை கிடைக்காத ஆண்டுகளில் அவரைத் தாங்கியது இந்தப் பழக்கம்தான் என்று கொள்ள நல்ல காரணம் உண்டு. அவர் சார்ந்த இலத்தீன் முறைக் கத்தோலிக்க வழிபாடு அன்று இலத்தீனில் இருந்தது. எபிரேயக் கவிஞர்கள் எழுதிய சங்கீதங்களை இலத்தீனில் ஓதிப் பழகிய ஒருவர் சிவனின் மலையில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

சங்கீதங்கள் எந்த வகையில் தாங்கின என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். அவற்றில் கணிசமானவை புலம்பல்கள். கடவுளே ஏன் கைவிட்டீர் என்று கதறும் சங்கீதத்தின் தொடக்கத்தையே சிலுவையில் இயேசு சொன்னதாக மத்தேயுவும் மாற்குவும் எழுதுகிறார்கள். எபிரேய எண்ணிக்கையில் 88ஆம் சங்கீதம் நண்பரும் உறவினரும் விலகிப்போனதைச் சொல்லி, ஆறுதலின் ஒரு கீற்றுகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. தேற்றுரை சேர்த்து அதை யாரும் திருத்தவில்லை. மடங்களில் நூற்றாண்டுகளாக அது அப்படியே ஓதப்படுகிறது. தனித்துத் தவிக்கிறவருக்குத் தன் தவிப்பைச் சொல்லச் சொற்களை இரவல் தருவதே சங்கீதங்கள் செய்யும் முதல் உதவி. அதே சொற்களை அதே நேரத்தில் உலகின் ஏதோ மூலைகளில் வேறு பலரும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள் என்ற அறிவு இரண்டாவது உதவி. கெர்கொனானில் லெ சோவின் தங்கை மரி தெரேஸ் பெனடிக்டின் கன்னியாகவே இருந்தார். கடலுக்கு அப்பால் அவரும் அதே சங்கீதங்களைப் பாடிக்கொண்டிருந்தார்.

தங்கைக்கும் மடத்து நண்பர்களுக்கும் லெ சோ தம் வாழ்நாள் முழுவதும் கடிதங்கள் எழுதினார். பிற்காலத்தில் அவரது நண்பர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவரது வரலாற்றை அந்தக் கடிதங்களின் வழியாகவே தொகுத்தார். ஏகாந்தத்தை இவ்வளவு நேசித்த மனிதர் இவ்வளவு கடிதம் எழுதியதில் முரண் ஏதுமில்லை. பெனடிக்டின் ஒழுங்கு கற்றுத்தந்த பாடம் அது. கூட்டத்தில் வேர் உள்ளவரால்தான் தனிமையில் நிற்கமுடியும். எந்தப் பயிற்சியும் இல்லாமல், யாருக்கும் தகவலில்லாமல் தனிமைக்குள் குதிப்பதை அந்த மரபு ஒருபோதும் ஊக்குவித்ததில்லை. ஞானம் தேடி மலைச்சரிவுகளில் வந்து தங்கும் இன்றைய தலைமுறையினருக்கு 19 ஆண்டு மடவாழ்வுக்குப் பிறகே குகைக்குள் நுழைந்தவரின் கதை கவனத்துக்குரியது.

1955 டிசம்பரில் லெ சோ திருக்கோவலூர் அருகே தபோவனத்தில் ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்தார். அவரையே தம் குருவாக உணர்ந்தார். அந்தச் சந்திப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். மறு ஆண்டு நவம்பர், டிசம்பரில் கும்பகோணத்தில் 'மௌன மந்திர்' என்ற இடத்தில் ஒரு மாதத்துக்குச் சற்று மேலாக அறைக்குள் அடைபட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கழித்தார். உணவு ஒரு திறப்பின் வழியே வரும். குகையில்கூட ஊரின் ஓசை வந்துபோனது, இங்கே அதுவும் இல்லை. 1957 அக்டோபர் 10 அன்று மொன்ஷானே பாரிசில் இறந்தபோது சாந்திவனத்தின் பொறுப்பு முழுவதும் அவர் தலைமேல் விழுந்தது. 1960இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். பிறகு இமயம் அவரை இழுத்தது. உத்தரகாசியில் கங்கைக்கரையில் சிறு குடில் ஒன்றை அமைத்துக்கொண்டார். 1964இல் இறையியலறிஞர் ரைமோன் பணிக்கருடன் கங்கோத்ரிக்கு நடந்துபோய் அங்கே திருப்பலி நிறைவேற்றினார். அந்தப் பயணத்தை ஒரு நூலாகவும் எழுதினார். 1968இல் சாந்திவனத்தைப் பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கே நிரந்தரமாகப் போனார்.

அத்வைத அனுபவத்துக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் இடையிலான முடிச்சைக் கோட்பாட்டளவில் அவர் அவிழ்த்தாரா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. அவிழ்க்கமுடியாத முடிச்சை அப்படியே ஏற்று வாழ்வது என்ற முடிவுக்குத்தான் அவர் கடைசியில் வந்தார். அதில் தோல்வி ஏதும் இல்லை. விசுவாசம் தரும் ஆறுதல் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடை என்று நினைப்பவர்களுக்கு அவரது நாட்குறிப்பு ஏமாற்றமளிக்கும். கேள்வியோடு தனித்திருக்கும்போதும் அப்பத்தையும் இரசத்தையும் கையிலெடுத்துத் திருப்பலி செய்யமுடிந்தது என்பதே அவர் கண்ட ஆறுதல். உத்தரகாசிக் குடிலிலும் அவர் திருப்பலியை விடவில்லை.

1973 ஜூலை 14 அன்று ரிஷிகேசத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பு வந்து தெருவோரத்தில் விழுந்தார். சாவின் விளிம்பில் கிடந்த அந்த நேரத்தைத் தம் வாழ்வின் பெரிய கண்டடைதலாக நண்பர்களுக்கு எழுதினார். இந்தூரில் கன்னியர் நடத்திய மருத்துவமனையில் டிசம்பர் 7 அன்று, 63ஆம் வயதில் இறந்தார். அருணாசல நினைவுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1978இல் பிரெஞ்சு மொழியில் வந்தது. நாட்குறிப்பு 1986இல் வெளியாயிற்று. திருவண்ணாமலையின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு நூல்களையும் கவனத்தில் கொள்ளவேண்டும். ஊரின் விருந்தோம்பலைப் பற்றி அயலார் ஒருவர் விட்டுச்சென்ற சாட்சியம் அவற்றில் இருக்கிறது.

முதலில் இந்தூரில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடலின் எச்சங்கள் பின்னர் தண்ணீர்ப்பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டன. பீட் கிரிஃபித்ஸின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டே பேராகத் தொடங்கி, ஆளில்லாமல் தவித்த அந்தக் காவிரிக்கரை ஆசிரமத்தில் இன்று காலையும் நண்பகலும் மாலையும் மணியடித்ததும் மக்கள் கூடி, தமிழிலும் வடமொழியிலும் செபம் பாடுகிறார்கள்.